முழங்கால் வலியுள்ள அம்மாவோடு அக்கேடியா கடலோரப் பாதை: எங்கே தொடங்கி, எங்கே நிறுத்துவது?

கேள்வி: பாஸ்டன் பக்கம் வசிக்கிறோம். மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் மெய்ன் மாநிலத்தில் உள்ள அக்கேடியா தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போக நினைக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. ஆனால் சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். அப்பா நன்றாக நடப்பார். மகனுக்கு 7 வயது. ஓஷன் பாத் என்ற கடலோரப் பாதை எளிதானது என்கிறார்கள். அம்மாவால் நடக்க முடியுமா? எத்தனை மணிக்குப் போக வேண்டும்? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: முடியும். ஆனால் முழுப் பாதையையும் அல்ல.

ஓஷன் பாத் சாண்ட் பீச்சில் தொடங்கி ஆட்டர் பாயிண்டில் முடிகிறது. ஒரு வழிக்கு 2.2 மைல், அதாவது சுமார் மூன்றரைக் கிலோமீட்டர். போய்வர 7 கிலோமீட்டர். எளிது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். சாண்ட் பீச்சிலிருந்து, அலை புகுந்து இடிபோல் முழங்கும் தண்டர் ஹோல் என்ற பாறைப் பிளவு வரை ஒரு கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். பொடிக்கல் பரப்பிய பாதை, ஏற்ற இறக்கம் குறைவு. அம்மாவுக்கு நிதானமாக நடந்தால் 25 நிமிடம். தண்டர் ஹோலைத் தாண்டினால் மேடு பள்ளம் தொடங்கும். ஆட்டர் கிளிஃப் என்ற கடலோரச் செங்குத்துப் பாறையை நெருங்க நெருங்க ஸ்ப்ரூஸ் மரங்களின் வேர், கல்படி, ஒழுங்கில்லாத பாறை எல்லாம் காலடியில் வரும். வலியுள்ள முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாரம், அந்தப் பகுதியில் இரண்டும் மாறி மாறி இருக்கிறது. ஆகவே அம்மாவுக்குத் தண்டர் ஹோல் வரை நடை, அதற்கு மேல் கார். அப்பாவும் நீங்களும் பையனும் மீதியை நடக்கலாம்.

இப்படிப் பிரித்துக்கொள்ள அந்த இடமே வசதி செய்து தருகிறது. பாதை கிட்டத்தட்ட முழுக்க பார்க் லூப் ரோட்டை ஒட்டியே, ரோட்டுக்கும் கடலுக்கும் இடையில் போகிறது. அந்த ரோடு அங்கே ஒருவழி. போகும் திசையும் நீங்கள் நடக்கும் திசையும் ஒன்றே: முதலில் சாண்ட் பீச், பிறகு தண்டர் ஹோல், பிறகு ஆட்டர் கிளிஃப். எனவே கார் ஓட்டுகிறவர் மற்றவர்களை இறக்கிவிட்டு முன்னால் போய் நிற்கலாம். ஒருவழிப் பகுதியில் பலகை தடுக்காத இடங்களில் வலப்பக்க லேனிலேயே காரை நிறுத்த அனுமதி உண்டு. ஒரு எச்சரிக்கை: தண்டர் ஹோலைத் தவறவிட்டால் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். ஆட்டர் கிளிஃப் ரோடு வழியாக 3ஆம் எண் சாலைக்குப் போய், பார் ஹார்பர் ஊர்ப்பக்கம் வந்து, ஸ்கூனர் ஹெட் ரோடு வழியாகச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். குறைந்தது 20 நிமிடம் போய்விடும்.

நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, கடல் சொல்லும்

பெரும்பாலானோர் பார்க்கிங்கை வைத்து நேரத்தை முடிவு செய்கிறார்கள். அக்கேடியாவில் முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல். சென்னையில் கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மீட்டர், அதனால் நம் ஊர்க்காரர்கள் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே அது 10 முதல் 12 அடி. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏறத்தாழ ஆறேகால் மணி நேரத்தில் கடல் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஏறிவிடுகிறது. காலையில் நின்று படம் எடுத்த பாறை மதியம் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் ஓத முன்கணிப்புப் பக்கத்தில் பார் ஹார்பர் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் போகும் நாளுக்கான நான்கு நேரங்களையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோடைகால நேரத்தில் காட்டுகிறதா என்று கவனியுங்கள், சில செயலிகள் ஒரு மணி நேரம் பின்தங்கிக் காட்டும். முந்தைய நாள் நேரத்தை வைத்து ஊகிப்பவர்கள், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்றால், தண்டர் ஹோல். இளஞ்சிவப்பு கிரானைட் பாறையை அலை அரித்து உண்டாக்கிய ஒடுக்கமான பிளவு அது. உள்கோடியில், தாழ்வாக, ஒரு சிறு குகை. அலை உள்ளே புகும்போது குகையில் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் அமுங்குகிறது. கவிழ்த்த குடத்தைக் கிணற்றுத் தண்ணீரில் அழுத்திச் சட்டென்று சாய்த்தால் காற்று குபுக்கென்று வெளியே வருமே, அதே சங்கதிதான், பல நூறு மடங்கு பெரிதாக. அப்போது இடி போன்ற சத்தம் எழும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் தண்ணீர் 40 அடி வரைகூட எழும்பும்.

தண்ணீர் மிகவும் வற்றியிருந்தால் அலை குகை வரை எட்டாது. முழுக்க ஏறிவிட்டால் குகை மூழ்கிவிடும், அமுங்கக் காற்று இருக்காது. அதனால்தான் உச்ச ஏற்றத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும் என்பது. அப்போதும் அலை இருந்தால்தான் சத்தம். கடல் சலனமில்லாமல் இருக்கும் நாளில் சரியான நேரத்துக்கே போனாலும் தொண்டை கனைப்பது மாதிரி ஒரு களகளப்பு மட்டும் கேட்கும். வெறும் ஓட்டையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அங்கே அலுத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் தவறான நேரத்துக்கு வந்தவர்கள்.

உங்கள் நாளை அமைக்கச் சில கணக்குகள். உச்ச ஏற்றம் காலை 10, 11 மணியை ஒட்டி வந்தால் உங்களுக்கு யோகம். 7.30க்கு சாண்ட் பீச்சில் காரை நிறுத்தி, கடற்கரையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, நிதானமாக நடந்து தண்டர் ஹோலுக்கு வந்துவிடலாம். ஏற்றம் காலை 8 மணிக்கு என்றால் வரிசையை மாற்றுங்கள்: 6.30க்கு நேரே தண்டர் ஹோல், பிறகு ஆட்டர் கிளிஃப், சுற்றி வந்து கடைசியில் சாண்ட் பீச். ஏற்றம் மதியம் 2 மணிக்கு என்றால் காலை 8 மணி வாக்கில் கடல் வற்றியிருக்கும். காலையில் வேறு பாதைக்குப் போய், பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் நண்டும் பையனுக்குக் காட்டிவிட்டு, மதியம் தண்டர் ஹோலுக்கு வரலாம். ஏற்றம் மாலை 6 மணிக்கு என்றால் 4 மணிக்கு மேல் வாருங்கள். அதற்குள் பார்க்கிங் காலியாகத் தொடங்கியிருக்கும்.

பாறையின் நிறத்தைப் படிப்பது

அக்கேடியாவில் முதியவர்களும் குழந்தைகளும் அடிபடுவது செங்குத்துப் பாறையில் விழுந்து மட்டுமல்ல. கடலுக்குப் பக்கத்தில், தட்டையாகத் தெரியும் பாறையில் வழுக்கியும் விழுகிறார்கள். அங்கே பாறை மேலிருந்து கீழே பட்டை பட்டையாக நிறம் மாறும். மேலே கிரானைட்டின் சொந்த நிறம், இளஞ்சிவப்பு. ஆங்காங்கே மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பாறைப்பூஞ்சை படர்ந்திருக்கும். அது உலர்ந்திருந்தால் கால் பிடிக்கும். அதற்குக் கீழே தார் பூசியது போல ஒரு கறுப்புப் பட்டை. நிழல் என்றோ, ஈரம் என்றோ நினைத்துக் காலை வைப்பார்கள். அது நீலப்பச்சைப் பாசி. அலையின் திவலை மட்டும் எட்டுகிற உயரத்தில் வளர்கிறது, நனைந்தால் சோப்பு தோற்றுவிடும். அதற்கும் கீழே வெள்ளைப் பட்டை, பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகள். வழுக்காது, ஆனால் கையை ஊன்றினால் கீறிவிடும். இன்னும் கீழே பழுப்பு நிறக் கடற்பாசி தொங்கும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி போதும்: கறுப்பில் கால் வைக்கக் கூடாது. ஏழு வயதுப் பையனுக்கு இது ஒரு விளையாட்டாகவே பதிந்துவிடும், பெரியவர்களைவிட அவன்தான் ஒழுங்காகக் கடைப்பிடிப்பான். கறுப்புப் பட்டைக்கு மேலேயே நின்றால் அலை எட்டும் எல்லைக்கு வெளியேயும் பெரும்பாலும் நிற்கிறீர்கள் என்று பொருள்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் போவது ஆகஸ்ட் கடைசி, அட்லான்டிக்கில் புயல் காலம். 2009 ஆகஸ்ட் 23 அன்று பில் என்ற புயல் கரைக்கு வராமல் தொலைவில், கடலுக்குள்ளேயே கடந்துபோனது. அலையை வேடிக்கை பார்க்க தண்டர் ஹோல் பக்கம் பெருங்கூட்டம் கூடியிருந்தது. ஒரு பேரலை பலரை அடித்துச் சாய்த்தது. மூன்று பேர் கடலுக்குள் இழுக்கப்பட்டார்கள். இருவரை மீட்டார்கள், 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள். புயல் தூரத்தில் இருந்தால் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், அலை மட்டும் வரும். எனவே கிளம்பும் நாளில் மழை முன்னறிவிப்போடு கடலலை முன்னறிவிப்பையும் பாருங்கள். உயரலை எச்சரிக்கை இருந்தால் ரோட்டோரத்திலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள். தண்டர் ஹோலில் கீழே இறங்கும் கைப்பிடிப் படிகளைப் பூங்காக்காரர்கள் அப்படிப்பட்ட நாட்களில் மூடிவிடுவார்கள். கம்பியைத் தாண்டி ஆட்கள் நிற்பதைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.

சாதாரண நாளிலும் பாறையில் உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். பெரிய அலைகள் தொகுதியாக வரும், நடுவில் கடல் சாதுவாகத் தெரியும். அந்தச் சாதுவான இடைவெளியில்தான் ஜனங்கள் ஏமாந்து கீழே இறங்குகிறார்கள். பாறை ஈரமாக இருந்தால் சற்று முன்பு அங்கே தண்ணீர் வந்துபோயிருக்கிறது. கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதும் வேண்டாம்.

பாதையில் எங்கே என்ன

சாண்ட் பீச்சில் கடற்கரைக்கு இறங்கக் கல்படிகள் இருக்கின்றன. இறங்கினால் அத்தனையும் ஏறியாக வேண்டும். அம்மா மேலிருந்தே பார்க்கலாம், காட்சி ஒன்றும் குறையாது. இறங்கியே தீருவேன் என்றால் கைப்பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் வலிக்கிற கால். மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பையனுக்குக் காட்டுங்கள். பாதிக்கு மேல் நொறுங்கிய சிப்பி ஓடும் கடல் முள்ளெலியின் கூடும்தான். தண்ணீரில் ஓடி விழ விடாதீர்கள். கோடையிலும் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. கணுக்கால் நனைத்தாலே எலும்பு குடையும். திடீரென்று முழுக்க மூழ்கினால் மூச்சு இழுத்துக்கொள்ளும்.

கழிப்பறை வேலையை சாண்ட் பீச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆட்டர் பாயிண்டைத் தாண்டினால் ஃபாப்ரி பிக்னிக் இடத்திலும் கழிப்பறையும் மேசைகளும் உண்டு. கட்டுச்சோற்றைப் பிரிக்க அதுவே தோதான இடம்.

பாதை சாண்ட் பீச்சின் மேல் பார்க்கிங்கை ஒட்டிப் போகிறது. காரை அங்கே நிறுத்தினால், அல்லது அம்மாவை அங்கே இறக்கிவிட்டால், தொடக்கத்து மேடு மிச்சம். தண்டர் ஹோல் வரை இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ரோடு. முடியாவிட்டால் எந்த இடத்திலும் ரோட்டுக்கு வந்துவிடலாம் என்பது முதியவர்களுக்குப் பெரிய தைரியம்.

தண்டர் ஹோலுக்கு அப்பால் நடக்கிறவர்களுக்கு: கோரம் மவுண்டன் பார்க்கிங்கைத் தாண்டியதும் மானுமென்ட் கோவ். கரையிலிருந்து பிரிந்து தூணாக நிற்கும் கிரானைட்டை மேலிருந்து பார்க்கலாம். பக்கத்தில் போல்டர் பீச். மணல் கிடையாது. அலை உருட்டி உருட்டி மழுக்கிய உருண்டைக் கற்கள், கைப்பிடி அளவிலிருந்து தர்பூசணி அளவு வரை. அழகுதான், ஆனால் கணுக்கால் பிசக இதைவிட நல்ல இடம் கிடையாது. கல்லை எடுத்துவருவது சட்டப்படி குற்றம், ஒன்றே ஒன்று என்றாலும். பிறகு பாதை காட்டுக்குள் ஏறி ஆட்டர் கிளிஃப் உச்சிக்கு வரும், கடலுக்கு மேலே 110 அடி. ஓரத்தில் தடுப்பு கிடையாது. பையன் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். கயிறு கட்டி ஏறுகிறவர்களை அங்கே அநேகமாகப் பார்ப்பீர்கள், எட்டிப் பார்க்கும் ஆசை பெரியவர்களுக்கே வரும். அம்மாவோடு கார் ஆட்டர் கிளிஃப் பார்க்கிங்கில் காத்திருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆட்டர் பாயிண்ட் வரை போகாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

2024 ஜனவரி 10, 13 தேதிகளில் அடித்த புயல்கள் இந்தப் பாதையின் சில பகுதிகளை அரித்துவிட்டன. கரையோரப் பாதைக்கு இது எப்போதும் நேரக்கூடியது. கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தில் பாதை நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டணம், பார்க்கிங், பை

இந்த இடத்தில்தான் பெற்றோரைக் கூட்டி வருகிறவர்கள் திடுக்கிடுகிறார்கள். வழக்கமான நுழைவு ஒரு காருக்கு 7 நாளுக்கு 35 டாலர். 2026 தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆண்டுப் பாஸ் இல்லாமல் வந்தால் தலைக்கு 100 டாலர் கூடுதல். அந்தக் கட்டணம் வாங்கும் 11 பூங்காக்களில் அக்கேடியாவும் ஒன்று. வெளிநாட்டவர்க்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர், இங்கே வசிப்பவர்களுக்கு 80. பெற்றோரை கிராண்ட் கேன்யனுக்கோ யெல்லோஸ்டோனுக்கோ கூட்டிப் போகும் எண்ணம் இருந்தால் பாஸ்தான் லாபம். ஒரு பாஸில் எத்தனை பேர் என்ற விதியைப் பூங்காவின் பக்கத்தில் படித்துவிட்டு வாங்குங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமமும் அவர்கள் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். காடிலாக் மலைக்கு காரில் ஏற வேண்டுமானால் அதற்கு நேரம் குறித்த முன்பதிவு தனி. ஓஷன் பாத்துக்கு முன்பதிவு தேவையில்லை.

ஆகஸ்டில் சாண்ட் பீச் பார்க்கிங் காலை 8, 9 மணிக்கே நிரம்பிவிடும். ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவசப் பேருந்து ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஓடுகிறது, சாண்ட் பீச்சிலும் தண்டர் ஹோலிலும் நிற்கும். பஸ் இலவசம் என்றாலும் பூங்கா நுழைவுச்சீட்டு வேண்டும். மதியம் திரும்பும் பஸ்களில் கூட்டம் அம்மும், அம்மா நின்றுகொண்டு வரும்படி ஆகலாம். அதனால் அவரோடு காரில் வருவதே நல்லது.

செருப்பு வேண்டாம். அம்மாவுக்குச் சாக்ஸோடு, பின்புறம் மூடிய, அடியில் பிடிமானமுள்ள ஷூ. ஒரு வாரம் முன்பே வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழகட்டும், புதுஷூ பாதையில் கொப்புளம் போடும். சேலைதான் என்றால் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி உயர்த்திக் கட்டி, முந்தானையைச் செருகிக்கொள்ளட்டும். காற்று சேலையைக் காலில் சுற்றும். சுடிதார் இன்னும் நல்லது. ஊன்றுகோல் ஒன்று போதும், முழங்கை லேசாக மட்டும் மடியும் உயரத்தில், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாஸ்டனில் வியர்க்கிறதே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். மூடுபனி இறங்கினால் ஆகஸ்ட் மதியத்திலும் கடற்காற்று எலும்பைத் தொடும். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டும் காதை மூட ஸ்கார்ஃபும் பெற்றோருக்குக் கட்டாயம். சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் கையில் கொஞ்சம் இனிப்பு. போன் சிக்னல் விட்டு விட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கப் போகிறீர்கள் என்பதால், எந்தப் பார்க்கிங்கில் எத்தனை மணிக்கு என்று வாயால் பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்ஆப்பை நம்பாதீர்கள்.

ஓத நேரமோ கூட்டமோ ஒத்துவராவிட்டால், பூங்கா அமைந்த தீவின் மேற்குப் பகுதியில் 102ஏ சாலையோரம் வொண்டர்லேண்ட் என்றொரு பாதை இருக்கிறது. ஒரு வழிக்கு 0.7 மைல், பழைய வண்டிப்பாதை போல அகலமானது, கடற்கரைப் பாறையில் முடியும். பக்கத்திலேயே ஷிப் ஹார்பர், இரண்டு வளையமாகச் சுற்றி வர 1.3 மைல். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் பாறைக் குட்டைகள் பார்க்க இவைதான் சரியான இடம். உண்மையில் உங்கள் அம்மாவின் முழங்காலை மட்டும் கணக்கில் வைத்தால் ஓஷன் பாத்தைவிட வொண்டர்லேண்டுக்கே எங்கள் ஓட்டு. இடிச்சத்தம் மட்டும் அங்கே கிடைக்காது.

இரவு அறைக்குத் திரும்பியதும் எல்லோரும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மெய்னில் மான் உண்ணி மூலம் லைம் நோய் பரவுகிறது, உண்ணி எள்ளை விடச் சிறியதாகவும் இருக்கும். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், பையனின் தலைமுடிக்குள். கடித்து ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சில வாரங்களுக்குள் தோலில் சிவந்த வட்டமோ காய்ச்சலோ வந்தால், அதற்குள் அவர்கள் மதுரைக்குத் திரும்பியிருந்தாலும், மெய்ன் காட்டுப்பகுதிக்குப் போய்வந்ததை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஊரில் அவருக்கு முதலில் தோன்றுவது டெங்குவாகத்தான் இருக்கும்.